ஊதாமல் சாவி இல்லை

எங்கள் படகுத்துறையில் சட்டம் ஒன்றுதான். ஓட்டுபவர் குடித்திருக்கிறாரா என்று காட்டும் மூச்சுக் கருவியில் ஊத வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால்தான் சாவி. சாவிப் பலகை என் பொறுப்பு.

அன்று மதியம் என் அண்ணன் கண் சிவந்து, கால் பின்ன வந்து நின்றான். அவன் படகில் அண்ணியும் மகளும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கருவியை நீட்டினேன்.

"என்கிட்டயேவா? இருபது வருஷமா ஓட்டுறேன். நடு ஏரியில லாரியா எதிர்ல வரப்போகுது?"

"நீச்சலடிக்கிறவங்க இருக்காங்க. ஊதுண்ணே."

"ஊதலன்னா என்ன கிழிச்சிடுவ?"

சட்டைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டிவிட்டுப் படகில் ஏறினான். எஞ்சின் உறுமியது. கயிறு மட்டும் இன்னும் அவிழவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டிக்கெட் அறை மைக்கைப் பிடுங்கினேன்.

"அஞ்சாம் நம்பர் படகுல இருக்கிறவங்க கேளுங்க! உங்க டிரைவர் ஊதிக் காட்ட மாட்டேங்கிறார். எல்லாரும் இறங்கிடுங்க. போலீசுக்குச் சொல்லப்போறேன்."

"கூடப் பிறந்தவன் மானத்த இப்படியா வாங்குவ?" என்று கத்தினான்.

"ஆமா, வாங்குறேன். பன்னெண்டு உசுர விட உன் மானம் பெருசா?"

யாரும் அசையவில்லை. டிரைவரின் மனைவியும் மகளுமே முன் சீட்டில் இருக்கும்போது என்ன பயம் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணி எழுந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமலேயே கரையில் கால் வைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு மைக் தேவைப்படவில்லை.