இழுத்துப் போடும் கட்டடங்கள்

அந்தத் தெருவில் யாரும் நடந்து இடம் மாறக்கூடாது. இழுத்துத்தான் போட வேண்டும். அதற்கு மூன்று கட்டடங்கள் இருந்தன. மூன்றும் ஒன்றுக்கொன்று ஆகாது. எது ஒழுங்காக இழுத்துப் போடுகிறது என்று ஒப்பிட்டு அறிக்கை எழுத அஞ்சுகத்தை அனுப்பியிருந்தார்கள். சோதனைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அவள் தன் கணவன் தனக்கோடியைக் கூட்டிவந்தாள்.

நீலக் கட்டடத்தில் ஒரு காவலாளி அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். மாடிப்படியில் தரதரவென்று இழுத்துப்போய் மேலறையில் போட்டான். இரண்டு பற்கள் படியிலேயே தங்கிவிட்டன. மற்றபடி ஆள் முழுதாக வந்து சேர்ந்தான்.

பிறகு தெருவைத் தாண்டியிருந்த கிடங்குக்கு இழுத்தான். கிடங்கில் தனக்கோடி கிடந்தான். திரும்பி வந்து பார்த்தால் மேலறையிலும் தனக்கோடி கிடந்தான்.

"ஒரே கட்டடத்துக்குள்ளன்னா ஆள் நகருவாரு. வெளியன்னா நகல்தான் போகும்," என்றான் காவலாளி.

"இதை முன்னாடியே சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

அவள் குறித்துக்கொண்டாள். இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். "அஞ்சுகம், வீட்டுக்குப் போயிரலாம்," என்றார்கள் மேலறையிலும் கிடங்கிலும் இருந்த இருவரும், ஒரே குரலில்.

அறிக்கை பாதியில் நின்றது. முடிக்காமல் வீட்டுக்குப் போக முடியவில்லை.

வெள்ளைக் கட்டடத்தில் தரை பளபளத்தது. கையுறை போட்ட ஒரு பெண் இரண்டு தனக்கோடிகளில் முதலாமவனை ஓர் அறையில் போட்டாள். இரண்டாமவனை இழுத்துவந்து அதே அறை வாசலில் நின்றாள்.

"இதே பேர்ல ஒருத்தர் உள்ள இருக்காரு. மாத்திரட்டுமா?"

அறையை மாற்றுவதாக எண்ணி அஞ்சுகம் தலையாட்டினாள். உள்ளே இருந்தவன் தலையில் கோடரி இறங்கியது. ஒரே வெட்டு. அந்த ஈரத்தின் மேலேயே இரண்டாமவனைப் போட்டாள்.

"நீலக் கட்டடத்துல ரெண்டு பேரையும் சேர்த்துத் தைச்சிருப்பாங்க. பார்க்கச் சகிக்காது," என்றாள் அந்தப் பெண்.

அஞ்சுகம் செத்தவனுக்காக அழுதாள். இருந்தவனின் மூக்கைத் துடைத்துவிட்டாள். இருவருக்கும் அதே மூக்கு.

மூன்றாவது கட்டடம் யாருக்கும் சொந்தமில்லை. லுங்கி கட்டிய ஒருவன் தனக்கோடியைத் தூக்கி, தாழ்வாரத்தின் நடுவில் தொங்கவிட்டபடி கேட்டான்.

"நகர்த்தவா, நகலெடுக்கவா? இல்ல, இவரு இருக்கிற திசையைக் காட்டறதுக்கு ஒரு கையை மட்டும் வெட்டி வச்சுக்கவா?"

"ஒண்ணும் வேணாம். விடுங்க."

"நடுவுல விட்டா எங்க போய் விழுவாருன்னு எனக்கே தெரியாது."

அவன் கத்தியை எடுத்தான். அஞ்சுகம் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு தட்டும்வரை விடவில்லை. அவன் பிடி தளர்ந்தது. தனக்கோடி விழுந்தான், ஆனால் தாழ்வாரத்தில் இல்லை.

அவள் கதவுகளை உதைத்துத் திறந்துகொண்டே போனாள். தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. பெயரில்லாத ஓர் அறையில் அவன் முழங்கால் உடைந்து கிடந்தான்.

"என்னை இனிமே எங்கயும் இழுக்காத," என்றான்.

"இழுக்கலங்க."

அவள் கதவைச் சாத்தி, நாற்காலிக் காலை ஒடித்துத் தாழ்ப்பாளில் செருகினாள். அவன் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். வெளியே, அவனை இழுத்துப்போக, மூன்று கட்டடத்து ஆட்களும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து கதவை இடித்தார்கள். மேல் கீல் பெயர்ந்து விழுந்தது.

"தூங்குங்க," என்றாள்.