எட்டாம் தளத்தில் தண்ணீர்

மாற்றல் உத்தரவு வந்த அன்று மாலை ஏழரை மணிக்கு நாங்கள் விளையாட உட்காரவில்லை. ஊருக்குப் போன நாட்களையும் காய்ச்சலில் படுத்த நாட்களையும் கழித்தால், நான்கு வருடத்தில் அப்படி உட்காராத மாலை அதுதான் முதல்.

விளையாட்டின் ஆங்கிலப் பெயர் நீளமானது. எங்கள் வீட்டில் அதற்கு ‘நிலவறை’ என்று பெயர். பூமிக்கு அடியில் ஒன்பது தளங்கள். இரண்டு பேர் சேர்ந்து இறங்க வேண்டும். என் கணவர் வைத்தீஸ்வரனுடைய ஆள் கேடயம் பிடிப்பவன்; அவனுக்குத் ‘தூண்’ என்று பெயர் வைத்திருந்தார். என்னுடைய ஆள் விளக்கு ஏந்துபவள்; அவள் ‘திரி’. வெளிச்சம் இல்லாத இடத்தில் தூணால் யாரையும் அடிக்க முடியாது. கேடயத்தின் மறைவு இல்லாவிட்டால் திரி ஒரே அடியில் விழுந்துவிடுவாள். சதுரங்கம் போல ஒருவர் நகர்த்திய பிறகுதான் மற்றவர் நகர்த்தலாம். இரண்டில் ஒருவர் செத்தாலும் அதுவரை ஆடியது முழுவதும் அழிந்து, முதல் தளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினோரு முறை அப்படி அழிந்திருக்கிறது. பன்னிரண்டாவது முறை எட்டாம் தளத்தின் வாசலுக்கு வந்திருந்தோம்.

நாற்பத்து மூன்று வயதில் இதென்ன என்று கேட்பவர்கள் உண்டு. கல்கத்தாவில் அவர் ஆபீஸ் சால்ட் லேக்கில், என் ஆபீஸ் கார்டன் ரீச்சில், வீடு லேக் மார்க்கெட்டில். இரண்டு பேரும் பஸ்ஸில் கசங்கி வீடு சேர்ந்தபின் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் விளையாடும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான். தன் அப்பாவுக்குக் கட்டி என்று டாக்டர் சொன்னதை அவர் என்னிடம் சொன்னது ஐந்தாம் தளத்தில். “இடது பக்கம் வரான், பாத்து” என்று சொல்லிவிட்டு, அதே குரலில் அதையும் சொன்னார். கண் திரையில் இருந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும்.

அவருக்கு வந்த உத்தரவு அருணாசலப் பிரதேசத்தில் ஓர் அணைக்கட்டு வேலைக்கு. இரண்டு வருடம். குடும்பத்தோடு இருக்க இடமில்லை. லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள் கிளம்ப வேண்டும்; அதற்கு முப்பத்தைந்து நாள் இருந்தது. தெருமுனையில் அப்போதுதான் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

“விட்டுடலாம் மாதங்கி. ரெண்டு வருஷம்தானே. கேம் எங்க போயிடப்போறது? சேவ் ஆன எடத்துலயே இருக்கும்.”

“கேம் இருக்கும். நாம அதே எடத்துல இருப்போமா?”

அவர் போனில் பேசும் அழகு எனக்குத் தெரியும். ‘சாப்டியா, சாப்டேன், வேற என்ன’ என்பதற்கு மேல் ஐந்தாவது வார்த்தை வராது. அப்படி இரண்டு வருடம் ஓட்ட எனக்கு மனதில்லை. அங்கிருந்தும் விளையாடலாம், வழி இருக்கும், கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

நான் ரயில்வேயில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தச் சாமான் வாங்குவதானாலும் முதலில் அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி விசாரிப்பது எங்கள் வழக்கம். அந்த அணைக்கட்டு முகாமில் ஏற்கெனவே இருந்த ஸ்ரீனிவாசராகவன் என்பவருடன்தான் இவர் அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவருக்கு ஒரு மெயில் எழுதினேன். குளித்தலைப் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியபடியே அனுப்புநர், பெறுநர், பொருள் போட்டு, கேள்விகளுக்கு எண் கொடுத்திருந்தேன். அவரும் நல்லவர், எண் போட்டே பதில் எழுதினார். மின்சாரம் மாலையில் நம்ப முடியாது. டிவி பொது அறையில் ஒன்றுதான். அதில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையாவது போட்டால் உதை விழும். ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் ஏற்ற அனுமதி இல்லை. இன்டர்நெட், கேன்டீன் பக்கத்து வளைவில், காலையில் கொஞ்ச நேரம், ஒரு கடிதம் போகிற அளவுக்கு வரும். ஐந்தாவது பதிலாக, “இதையெல்லாம் எதற்கு விசாரிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று கேட்டிருந்தார்.

கோடு போட்ட தாளில் நான்கு வரிசை வரைந்தேன். கம்ப்யூட்டர், டிவியில் மாட்டும் கன்சோல், கைபேசி, கையில் வைத்து ஆடும் சின்ன கன்சோல். எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ஸ்மிதா அப்போது உள்ளே வந்தாள். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம். செக்டர் ஃபைவில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை. தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்; என்னை அக்கா என்பதற்குத் ‘தீதி’ என்பாள்.

“தீதி, கேம் வாங்கறதுக்கு டெண்டரா? எல்-ஒன் யாரு, யாரோட வெலை கம்மி?” என்று தாளை எட்டிப் பார்த்தாள்.

விலையைக் கடைசிக் கட்டத்தில்தான் போட்டிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். மாலையில் மின்சாரம் இல்லாததால் கம்ப்யூட்டர் விழுந்தது. டிவி கன்சோலைக் கிரிக்கெட் வீழ்த்தியது. கைபேசிப் பதிப்பில் இரண்டு பேர் ஆடும் வசதியே இல்லை. மிஞ்சியது கையில் வைத்து ஆடும் கன்சோல். பாட்டரியில் ஓடும், எங்கள் பழைய ஆட்டத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, விளையாட்டோடு தனியாக வாங்கிச் சேர்க்கும் ஆட்-ஆன்களில் ‘தபால்’ என்று ஒன்று இருந்தது. அதைச் சேர்த்தால் இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டாம். ஒருவர் நகர்த்தியதை அது சின்னதாக மடித்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும்போது மற்றவருக்கு அனுப்பும். கூடவே நாற்பது எழுத்துக்குள் ஒரு குறிப்பும் எழுதலாம். கேன்டீன் வளைவுக்கென்றே யாரோ செய்தது போல இருந்தது. இரண்டு கன்சோல்களுக்கு ஆர்டர் போட்டேன்.

அந்த இடத்தில்தான் நான் தவறினேன். ஆட்-ஆன்கள் மொத்தம் மூன்று. ‘தபால்’, புதுக் கவசங்கள், ‘வெள்ளம்’. தனித்தனியாகவும் வாங்கலாம், ஒரே கட்டாகவும் வாங்கலாம். எங்கள் ஸ்டோர்ஸில் மெஷின் வாங்கும்போதே உதிரிபாகங்களையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் சாங்ஷன் வராது. சாங்ஷன் வரும்போது கம்பெனி இருக்காது. இருபது வருடமாக நான் எழுதிவரும் நோட்களில் இந்த வரி இல்லாத நோட் குறைவு. மூன்றாவது எதற்கு என்று ஸ்மிதா கேட்டாள். இருக்கட்டும், கெட்டா போகப் போகிறது என்று கட்டாகவே வாங்கி, மூன்றையும் ஏற்றி, பழைய ஆட்டத்தை மாற்றினேன். எல்லாம் சரியாக முடிந்ததும் அதுவரை நாங்கள் ஆடிவந்த பழைய கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தும் விட்டேன்.

அன்று மாலை ஏழரைக்கு எட்டாம் தளத்தின் கதவைத் திறந்தோம். உள்ளே இடுப்பளவு தண்ணீர் நின்றது. திரி ஓர் அடி வைத்தாள். விளக்கு அணைந்தது.

“பின்னாடி வா” என்றார் வைத்தி. பின்னால் வந்து வாசல்படியில் ஏறிய பிறகுதான் விளக்கு மறுபடி எரிந்தது. படிக்கு மேல் வெளிச்சம், படிக்குக் கீழே இருட்டு. இருட்டில் தூணின் கை ஓடாது. அப்படியே இறங்கினால் பத்தாவது கட்டத்தைத் தாண்ட மாட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. வெளியே தாக் மேளம் அடிப்பவர்கள் பூஜைப் பந்தலுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கன்சோல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஸ்மிதா பார்த்துவிட்டு, ‘வெள்ளம்’ ஏறிய ஆட்டத்திலிருந்து அதை மட்டும் எடுக்க முடியாது என்றாள். “பழைய கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்குமே, தீதி?”

நான் அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

விளையாட்டைச் செய்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, நடந்தது மூன்று பத்தியில், வேண்டுவது ஒரு பத்தியில், இணைப்பாகப் படங்கள் நான்கு. ஏழு நாள் பதில் இல்லை. எட்டாம் நாள் நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. அந்தக் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர்தானாம். நினைவூட்டலுக்கு மேலே ‘நினைவூட்டல் எண் ஒன்று’ என்று போட்டிருந்ததைப் பார்த்து, எண் இரண்டு வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தார்களாம். இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்டத்தின் வெள்ளத்துக்கு முந்தைய பிரதி அவர்களிடம் இருக்கிறது, அனுப்பத் தயார். ஆனால் அது பழைய பதிப்பு என்பதால் அதோடு ‘தபால்’ சேராது, இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்துதான் ஆட முடியும். அல்லது இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெள்ளமும் இருக்கும், தபாலும் இருக்கும். தண்ணீரில் விளக்கு அணைவது பிழை இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்ததுதான் என்றும், அந்தத் தளத்தை வெள்ளத்தோடு இரண்டு பேராகக் கடந்தவர்கள் பற்றி இதுவரை தங்களுக்குத் தகவல் இல்லை என்றும் முடித்திருந்தார்கள்.

அவர் கிளம்ப ஆறு நாள் இருந்தது. கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

“பழசையே வாங்கிக்கோ” என்றார். “பூஜை லீவுதானே. ராப்பகலா உக்காந்து ரெண்டு தளத்தையும் முடிச்சுட்டே போறேன்.”

“முடிச்சுட்டா?”

“முடிச்சுட்டா முடிஞ்சுது.”

“அதைத்தான் கேக்கறேன். அப்புறம் ஏழரைக்கு நான் என்ன பண்றது? நீங்க என்ன பண்ணுவேள்?”

அவர் கன்சோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தண்ணியோட எறங்கினா செத்துடுவோம் மாதங்கி. மறுபடி முதல்லேர்ந்து.”

“பன்னெண்டு தடவை ஆரம்பிச்சாச்சு. பதிமூணாவது என்ன புதுசா? தண்ணி இருக்கட்டும்.”

அன்றிரவே கம்பெனிக்கு நன்றி தெரிவித்து, பிரதி தேவையில்லை என்று எழுதிவிட்டேன். மனம் மாறுவதற்கு முன்னால் எழுதிவிடுவது நல்லது.

மிச்சமிருந்த நாட்களில் நாங்கள் வாசல்படியை விட்டு நகரவில்லை. அவர் பெட்டி கட்டினார். நான் விளையாட்டின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து, தூணால் செய்யக்கூடியவை, திரியால் செய்யக்கூடியவை என்று இரண்டு பட்டியல் எழுதினேன். தூணுக்கு முப்பத்தொன்று, திரிக்கு இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, தண்ணீரில் பயன்படும், பயன்படாது என்று குறித்தேன். பெரும்பாலும் பயன்படாது. நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, தூணின் பட்டியலை மடித்து அவருடைய ஷேவிங் பையில் வைத்தேன். முதலில் இறங்க வேண்டியது அவர்தான் என்பதால் முதல் நகர்த்தல் அவருடையது என்று பேச்சு.

லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள் டம்டமில் அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்தது. சாப்டியா, சாப்டேன், வேற என்ன. மூன்றாம் நாளிலிருந்து அதுவும் இல்லை. ஸ்ரீனிவாசராகவன் எப்படியோ ஒரு செய்தி அனுப்பினார். மழையில் பாதை சரிந்திருக்கிறது, அனைவரும் நலம், டவர் இல்லை.

நான் கன்சோலைச் சாப்பாட்டுப் பையில் வைத்துத் தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். பகலில் ஒருமுறை கைபேசியோடு இணைத்துப் பார்ப்பேன். தபால் பெட்டி காலியாக இருக்கும். வாசல்படியில் இரண்டு பேரும் நிற்பார்கள். காளி பூஜை முடிந்தது. ஸ்மிதா ஒருநாள் தயங்கித் தயங்கி, தனியாக ஆடக்கூடிய கேம்களும் நிறைய இருக்கின்றன என்றாள். தெரியும் என்றேன். அந்த வாரம் எட்டாம் தளத்தைப் பற்றிக் கையேட்டில் இருந்த ஏழு பக்கத்தை மூன்றாம் முறையாகப் படித்தேன். பதினெட்டாம் நாள் வரை அப்படித்தான் போனது.

பத்தொன்பதாம் நாள், மதியம் ஒன்றரைக்கு, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் பார்த்தேன். பெட்டியில் ஒரு உறை இருந்தது.

திறந்ததும் அவர் நகர்த்தியது திரையில் ஓடியது. தூண் படியிலிருந்து தண்ணீரில் ஓர் அடி இறங்கினான். அடுத்து அவன் செய்தது நான்கு வருடத்தில் நாங்கள் ஒருமுறைகூடப் பயன்படுத்தாதது. கேடயத்தை மார்பிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் தட்டையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்றாம் தளத்தில் கல் விழும் இடத்துக்காக வைத்தது அது. நாங்கள் எப்போதும் சுற்றிப் போய்விடுவோம். என் பட்டியலில் இருபத்து நான்காவது. எதிரே ‘பயன்படாது’ என்று நான்தான் எழுதியிருந்தேன். இப்போது அவன் மார்புக்கு முன்னால் எதுவும் இல்லை. எது வந்தாலும் அவன் மேல்தான் விழும்.

கீழே குறிப்பு இருந்தது. நாற்பது எழுத்துக்கு இடமிருந்தும் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்: “மேல வை.”

திரியின் பட்டியலில் ‘விளக்கை வை’ என்பது ஒன்பதாவது. தரையில் வைப்பதற்கென்று இருப்பது. கேடயத்தின் மேல் வைக்கலாம் என்று கையேட்டில் எங்கும் இல்லை. கூடாது என்றும் இல்லை. படியில் நின்றபடி கேடயத்தைச் சுட்டி அழுத்தினேன்.

வைத்தாள். விளக்கு அணையவில்லை.

தண்ணீருக்கு மேல் வெளிச்சம் பரவி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு கட்டம் வரை போனது. இதுவரை நாங்கள் பார்த்தே இராத சுவர் தெரிந்தது, சுவரில் ஒரு வளைவு தெரிந்தது. ஆறாவது கட்டத்தில் இடப்பக்கம் தண்ணீர் சுழித்தது. கீழே ஏதோ இருக்கிறது. தூணின் கை இரண்டும் மேலே இருக்கின்றன. அடிப்பதானால் அவன் விளக்கைக் கீழே போட வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளோ பத்தொன்பது நாளோ, அவர் யோசிப்பார். நானும் யோசிப்பேன்.

திரிக்கு இன்னும் ஓர் அடி மிச்சமிருந்தது. விளக்கை விட்டபின் அவளுக்குத் தண்ணீரில் இறங்கத் தடையில்லை. அவளை இறக்கி, தூணுக்கு இடப்பக்கத்தில், சுழிப்புக்கும் அவனுக்கும் நடுவில் நிறுத்தினேன்.

குறிப்பில் எழுதினேன்: “இடது பக்கம் வரான், பாத்து.”

உறையை மூடி அனுப்பினேன். கைப்பையிலிருந்து பட்டியலின் நகலை எடுத்து, இருபத்து நான்காவதற்கு எதிரே ‘பயன்படாது’ என்பதை அடித்துத் திருத்தி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட்டேன். பிறகு ஆறிப்போன சாதத்தைப் பிசைந்தேன்.