அண்ணன் வீட்டுச் சீட்டு

என் அண்ணனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேருந்து ஓட்டுகிறவன். காலையில் வண்டியை எடுக்கும்முன் பிரேக்கை மூன்று தரம் மிதித்துப் பார்ப்பான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மெக்கானிக் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், தானும் ஒருதரம் குனிந்து பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி வரும். அப்பேர்ப்பட்ட ஆள், ஒரு மனுஷன் தோளில் கைபோட்டுச் சொன்ன ஒற்றை வார்த்தைக்காக, பெற்ற பெண்கள் இரண்டு பேரையும் விழப்போகிற சுவருக்கு அடியில் நான்கு வருஷமாகப் படுக்க வைத்திருக்கிறான். இதற்கு என்ன பெயர் வைப்பது?

நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட கட்டடம் அது. பன்னிரண்டு வீடுகள். அண்ணன் வீடு மூன்றாவது மாடி, பெண்கள் படுக்கும் அறை பின்பக்கம். பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். முதலில் நகம் நுழையும், பிறகு விரல் நுழையும், இப்போது சின்னவள் தன் பென்சிலை அதில்தான் செருகி வைக்கிறாள். கீழ்வீட்டுக் கொத்தனார் விரிசலின் குறுக்கே சிமெண்டால் ஒரு பட்டை பூசி, ஆணியால் அதில் தேதியைக் கீறி வைத்தார். சுவர் அசையாவிட்டால் பட்டை அப்படியே இருக்கும், அசைந்தால் பட்டை உடையும் என்றார். பதினோராம் நாள் உடைந்துவிட்டது.

கொத்தனார் சும்மா இருக்கவில்லை. சுவரை இடித்துக் கட்டு, அதுவரை எங்களுக்கு வேறு இடம் கொடு என்று நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார். பன்னிரண்டு வீடும் கையெழுத்துப் போட்டால்தான் மனு செல்லும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதினோரு வீடு போட்டாயிற்று. போடாத ஒரே புண்ணியவான் என் அண்ணன். தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதற்குள் மனு கொடுத்தால் அவர் மனசு சங்கடப்படும் என்றானாம். கொத்தனார் என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

ஏறாமல் என்ன செய்யும்? நான் வேலை பார்ப்பதே அந்த உறுப்பினரின் அலுவலகத்தில்தான். தொகுதியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் எங்களிடம் ஒரு சீட்டு உண்டு. யாருக்கு மூட்டுவலி, யார் பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டது, யார் மாமியார் செத்துப்போனார், எல்லாம் அதில் இருக்கும். உறுப்பினர் வீடு வீடாகப் போகும்போது நான் இரண்டடி பின்னால் போவேன். படி திரும்புகிற இடத்தில் சீட்டை நீட்டுவேன். ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவு திறந்ததும், "மூட்டுவலி எப்படிம்மா இருக்கு?" என்பார். அவ்வளவுதான், அந்த வீடே உருகிவிடும். எத்தனை ஞாபகம் பார் மனுஷனுக்கு என்பார்கள். அவர் ஞாபகம் முழுக்க என் கைப்பையில் இருக்கிறது. அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தோள்தட்டி.

அண்ணன் வீட்டுச் சீட்டையும் நான்தான் எழுதினேன். உறுப்பினரின் உதவியாளர் சொல்லச் சொல்ல எழுதியது: "பின்சுவர் விரிசல். நாமாகப் பேச்செடுக்க வேண்டாம். அவர் கேட்டால் தோளில் கை வைத்து, என் வீடு மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவும்." நான்கு வருஷமாக அதே சீட்டு, அதே வரி.

புதன்கிழமை காலையில் அந்தக் கட்டடத்துக்குப் போனோம். நான் முடிவு செய்துவிட்டேன். அண்ணன் வீட்டுச் சீட்டை உள்ளே வைத்துவிட்டு, எதிர்வீட்டுத் தையல்காரர் சீட்டை நீட்டினேன். தையல்காரர் வீடு அன்றைக்குப் பூட்டியிருந்தது, அதுவும் வசதியாகப் போயிற்று. இந்த ஆளுக்கு உன்னை அடையாளம்கூடத் தெரியாது என்பதை என் அண்ணன் தன் காதாலேயே கேட்கட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்று நினைத்தேன்.

அண்ணன் கதவைத் திறந்தான். பக்கத்தில் அண்ணி, சின்னவளின் சட்டைக்குப் பித்தான் தைக்க ஊசியில் நூல் கோத்தபடி நின்றாள். உறுப்பினர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்மா? இப்ப நல்லா தெரியுதா?"

அண்ணியின் கையில் ஊசி அப்படியே நின்றது. அவள் வாயைத் திறந்தாள். சொல்லு, எனக்கு ஆபரேஷனே நடக்கவில்லை என்று சொல்லு. அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"நல்லா தெரியுதுங்க. உங்க புண்ணியம்."

உறுப்பினர் அவன் தோளைத் தட்டினார். பின்னாலிருந்தவர்கள் படம் எடுத்தார்கள். அண்ணன் சிரித்தான். எனக்கு அங்கேயே அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது. மானம் கெட்டுப்போயும் வாலாட்டுகிறானே, இவனை மாதிரி ஆட்கள் இருக்கிறவரைக்கும் இந்தத் தோள்தட்டிகளுக்கு என்ன குறை!

தலைவலி என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு, அரைமணி நேரத்தில் திரும்பி வந்தேன். அண்ணன் மதிய வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தேன். அண்ணிக்கு எப்போது கண் ஆபரேஷன் நடந்தது, எந்த ஆஸ்பத்திரியில், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதுகெலும்பு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்றும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சட்டைப் பித்தானைப் போட்டான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

"நீ படியில நின்னு சீட்ட நீட்டுறத சமையலறை ஜன்னல் வழியா வருஷா வருஷம் பாக்குறேன்மா. இன்னைக்கு சீட்டு மாறிப்போச்சுன்னு அவர் வாயத் தெறந்ததுமே தெரிஞ்சுது. நான் இல்லைங்கன்னு சொல்லியிருந்தா திரும்பி யாரப் பாத்திருப்பார்? அத்தன பேர் முன்னாடி உன் வேலை போயிருக்கும்."

அப்போதும் என் கோபம் அடங்கவில்லை. அது மாறிப்போகவில்லை, நான்தான் வேண்டுமென்றே மாற்றினேன் என்று கத்தினேன். கைப்பையிலிருந்து அவன் வீட்டுச் சீட்டை எடுத்து அவன் கையில் திணித்தேன். படி, நீ நம்பிக்கொண்டிருக்கிற மகான் உன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார் என்று நீயே படி என்றேன்.

படித்தான். தோளில் கை வைத்து என்ற இடத்தில் அவன் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. பிறகு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது உன் எழுத்துதான?"

ஆமாம் என்றேன்.

"நான் அவர நம்பிக்கிட்டிருக்கேன்னா நெனச்ச? அவர் யாரு எனக்கு? வருஷத்துக்கு ஒருதரம் வர்ற ஆளு. நீ அங்க இருக்க. போய்ச் சொன்னியான்னு கேட்டப்பல்லாம், சொல்லிட்டேண்ணா, பாத்துக்கிறேன்னாருன்னு நீதான வந்து சொன்ன. உன்னத்தான் நம்பினேன்."

சொன்னேன்தான். ஒவ்வொரு முறையும் சொன்னேன். முதல் வருஷம் நானே நம்பிச் சொன்னேன். அப்புறம், பெரிய இடத்தில் என் பேச்சு எடுபடுகிறது என்று அண்ணி நினைக்கட்டும் என்று சொன்னேன். அப்புறம் வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். நான்கு வருஷமாக அந்த ஆளின் பொய்யை என் வாயால்தான் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். இவ்வளவு நேரம் யாரை அறைய வேண்டும் என்று நினைத்தேனோ அந்தக் கன்னம் என்னுடையது.

"இப்ப நீ சொல்லு," என்றான் அண்ணன். "கட்டுவாரா, மாட்டாரா?"

"மாட்டார்."

மனு கொத்தனார் வீட்டில் இருந்தது. அண்ணன் இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூச்சுவாங்க ஏறி வந்தான். சட்டைப் பையில் பேனாவைச் செருகினான்.

"இந்த ஒரு வார்த்தைய நாலு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவன் திட்டவில்லை. வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே பின்னறைக்குப் போனான். பெண்களின் மெத்தையைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, அந்த முனையைப் பிடி என்றான். நான் பிடித்தேன்.