தாரிகாவுக்குப் போட்ட வோட்டு

"பேரு மட்டும் குடுன்னுதான் கேட்டேன். வீடு வீடாப் போய் நில்லுன்னு யாரு சொன்னா?"

"பேரக் குடுத்தா நான்தானே நிக்கிறேன்? பேரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா?"

"கத்தாத. பைப்படியில எல்லாரும் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அவங்ககிட்டத்தான நான் வோட்டுக் கேக்கணும்."

பைப்படியில் வாளிகளோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு பலீலா குரல் கொடுத்தாள். "பேர்னாட் அண்ணே, சண்டைய முடிச்சிட்டு அக்காவ அனுப்புங்க. தண்ணி நிக்கப் போவுது!"

கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பெரிய தெருவுக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் தோட்டம். தோட்டம் என்றுதான் பெயர், ஒரு மரமும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், நடுவில் ஓட்டோ நுழைய முடியாத ஒழுங்கை, ஒரே ஒரு குழாய். கடைசியில் மாநகர சபை கட்டிக்கொடுத்த பொதுக் கக்கூஸ். பேர்னாட் ஓட்டோச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். பின்னாலேயே அவன் மனைவி தாரிகா வாளியுடன் வந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனாலும் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் "மறந்துறாதீங்க" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள்.

மாநகர சபைத் தேர்தலில் பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். குறைந்தால் முழுப் பட்டியலையும் தள்ளிவிடுவார்கள். வேட்புமனு கொடுக்கும் நாள் நெருங்கியபோது கட்சிக்குப் பெண்கள் போதவில்லை. அமைப்பாளர் பிரேம்நாத், கட்சி ஆபீசுக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தியிருந்த பேர்னாட்டின் தோளில் கை போட்டு, "ஒங்க மிஸிஸ்ட பேரப் போடுவோமா? சும்மா பேருக்குத்தான்" என்று கேட்டார். வாலிப வயதிலிருந்து அந்தக் கட்சிக்காக ஓடியவன் பேர்னாட். அவனுடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை வாங்கிக்கொடுத்தது அந்தக் கட்சியின் பழைய மெம்பர் ஒருவர். அமைப்பாளர் தோளில் கை போட்டுக் கேட்டால் மறுக்க அவனுக்குத் தெரியாது.

தாரிகாவும் முதலில் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒரு கூட்டத்தில், நன்றி சொல்லச் சொல்லி அவளிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் கக்கூஸைப் பற்றிப் பேசினாள். பெண்கள் பக்கம் லைட் எரிவதில்லை, கதவுக்குக் கொண்டி இல்லை, பொம்பளைப் பிள்ளைகள் இருட்டினால் தண்ணீரே குடிக்காமல் படுக்கிறார்கள் என்றாள். கூட்டம் கைதட்டியது. பிரேம்நாத் மைக்கை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தாரிகா அக்கா வட்டாரத்துல தோத்தாலும் பரவால்ல. கட்சிக்கு விழுற மொத்த வோட்டுக்குப் பட்டியல்ல ஒரு பொம்பள சீட் வரும். அது அக்காவுக்குத்தான்."

அன்றிலிருந்து அவள் பேருக்கு நிற்கவில்லை. உண்மையாகவே நின்றாள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலேயே இருந்த சாறிக் கடையில் அவளுக்கு வேலை. கடை முதலாளி கதிர்காமநாதன், யாழ்ப்பாணத்தவர், குரலை உயர்த்தாத மனிதர். ஒரு நாள் காலை, பெட்டகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"இரும் பிள்ளை. டீ குடிச்சனீரோ?"

"குடிச்சேன் ஐயா."

"நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை. இஞ்ச எல்லாக் கட்சி ஆக்களும் சாறி எடுக்க வருவினம். நேற்று ஒரு அம்மா உம்மட நோட்டீசைக் கொண்டுவந்து, இவதானே அவ எண்டு கேக்கிறா."

"நான் கடையில கட்சி ஒண்ணும் கதைக்கிறதில்ல ஐயா."

"ஓம், நீர் கதைக்கிறேல்லை. உம்மட முகம் கதைக்குது. எலெக்சன் முடியட்டும், பாப்பம்."

"முடிஞ்சா வரலாமா?"

"பாப்பம் எண்டன் தானே."

மேசையில் காலையில் விரித்துக் காட்டிய சாறிகள் கிடந்தன. தாரிகா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானை மேலே தெரியும்படி மடித்துத் தட்டில் அடுக்கிவிட்டுத்தான் கைப்பையை எடுத்தாள். பஸ்ஸில் வரும்போது, சீட் கிடைத்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பேர்னாட்டிடமும் அதையேதான் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தான். வீட்டில் மாதாமாதம் நிலையாக வந்தது அவளுடைய சம்பளம்தான்.

அவர்களுடைய ஒரே மகள் டிலானிக்கு அதுதான் முதல் வோட்டு. அவள் வேறு கட்சி. பழைய கட்சிகள் எல்லாம் போக வேண்டும் என்பது அவள் எண்ணம். சாப்பாட்டு நேரமெல்லாம் அப்பாவும் மகளும் அதே சண்டைதான்.

"ஒங்க தாத்தாவுக்கு ஹாபர்ல வேல குடுத்தது இந்தக் கட்சிடி. அந்தச் சோத்துலதான் நான் வளந்தேன்."

"தாத்தாவுக்குக் குடுத்தாங்க. ஒங்களுக்கு என்னா குடுத்தாங்க அப்பா? டீ-ஷர்ட்."

தாரிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பருப்பைப் போட்டாள்.

"நான் அம்மாவுக்குப் போடுவேன். கட்சிக்குப் போட மாட்டேன்" என்றாள் டிலானி. "வோட்டுச் சீட்டுல அம்மாட பேரு எந்தப் பக்கம் இருக்கும்?"

"பேரு இருக்காது. சின்னம் மட்டும்தான்" என்றான் பேர்னாட்.

தாரிகா கரண்டியோடு திரும்பினாள். "ஏன், மத்த எலெக்சனுக்கு நம்பர் எல்லாம் இருக்குமே?"

"இதுக்கு இல்ல. கட்சிட பேரு, சின்னம். அவ்வளவுதான்."

"அப்ப அம்மாவுக்கு எப்படிப் போடுறது?"

"சின்னத்துக்குப் போட்டா அம்மாவுக்குப் போட்டதுதான். ரெண்டும் ஒண்ணுதான்டி."

டிலானி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். தாரிகா மறுநாளும் வீடு வீடாகப் போனாள். "பேரு இருக்காதாம், சின்னத்தப் பாத்துப் போடுங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். "ஒங்களுக்காகத்தான் அந்தச் சின்னம், இல்லாட்டி தொட மாட்டேன்" என்று பலீலா சொன்னாள். தோட்டத்தில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.

தேர்தலன்று டிலானி மையிட்ட சின்ன விரலைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தாள். "போட்டுட்டேன். அந்தச் சின்னத்துக்கு. கை கூசிச்சு. அம்மாவுக்குன்னு நெனச்சிப் போட்டேன்." பேர்னாட் மகளின் தலையைத் தடவினான். அவள் தட்டிவிடவில்லை.

வட்டாரத்தில் தாரிகா தோற்றுப் போனாள். ஆனால் கட்சிக்குப் பட்டியலில் சீட் வந்தது, அதில் ஒன்று பெண்ணுக்கு என்ற செய்தி மறுநாள் வந்தது. தோட்டத்துக்கு அது போதும். ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். முன் வீட்டில் பாற்சோறு காய்ச்சினார்கள். பலீலா வட்டிலப்பம் அவித்துக் கொண்டுவந்து, "மெம்பர் அக்கா, வாயத் தெறங்க" என்று ஊட்டிவிட்டாள். ஓட்டோ தரிப்பிடத்தில் பேர்னாட்டிடம், "என்னா மச்சான், இனிமே வீட்டுல மிஸிஸ்கிட்ட அப்பொய்ன்மென்ட் எடுக்கணுமா?" என்று கேட்டார்கள். அவன் வாய் நிறையச் சிரித்தான்.

நாட்கள் போயின. ஆபீசிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் இரண்டு பேருமே போனார்கள். தாரிகா நல்ல சாறி உடுத்தியிருந்தாள். பிளாஸ்டிக் கதிரைகளில் காத்திருந்தார்கள். பிரேம்நாத் தொலைபேசியில் பேசி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, மேலிடத்துல ஒரு முடிவு எடுத்திருக்காங்க. நம்ம மெலனிக்குக் குடுக்கச் சொல்லி. என் தம்பிட வைஃப். அவங்க பேரும் பட்டியல்ல இருந்திச்சுதானே."

"பம்பலப்பிட்டியில இருக்கிறவங்களா? நம்ம பக்கமே இல்லயே?"

"ஓம். சிங்களம், இங்கிலீஷ் எல்லாம் கதைப்பாங்க. சபையில எழும்பிக் கதைக்க ஆள் வேணும்தானே அக்கா."

"நானும் கதைப்பேனே சேர். நீங்கதானே மைக்கக் குடுத்தீங்க. எல்லாருக்கும் முன்னால நீங்கதானே சொன்னீங்க."

பிரேம்நாத் சிரித்தார். கோபப்படவில்லை. "வோட்டு கட்சிக்குத்தானே விழுந்திச்சு அக்கா. ஒங்க பேருக்கு விழல்லயே. வோட்டுச் சீட்டுல ஒங்க பேரே இல்லயே."

தாரிகா பேர்னாட்டைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்திரி தாரிகா" என்றான். "சேர் பிஸி."

திரும்பும் வழியில் ஓட்டோவின் பின்சீட்டிலிருந்து அவள் கேட்டாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

அவன் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. "கேட்டுட்டு நாளைக்கு ஓட்டோவ எங்க நிப்பாட்டுறது? தரிப்பிடம் யார்ட கையில இருக்கு?"

பிறகு அவன் வீதியைப் பார்த்தே ஓட்டினான். கோயிலடிச் சந்தியில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்றான்.

டிலானி விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வெளியே போனாள். பைப்படியில் குந்தி, பழைய பிரஷ்ஷால் சின்ன விரல் நகத்தைத் தேய்த்தாள். மை போகவில்லை. தோல் சிவந்து எரியும் வரை தேய்த்தாள். அதற்குப் பிறகு அப்பாவோடு அவள் சண்டை பிடிக்கவே இல்லை. அப்பா சாப்பிட்டுப் போன பிறகு வந்து சாப்பிட்டாள்.

தாரிகா வெள்ளவத்தைக்குப் போய்ப் பார்த்தாள். அவளுடைய மேசையில் வேறொரு பெண் சாறி விரித்துக்கொண்டிருந்தாள். கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் மெம்பராகிட்டீர் எண்டெல்லோ நான் நினைச்சன், பிள்ளை" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பலீலா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. புது மெம்பர் மெலனி நோனா தோட்டம் பாக்க வாராங்களாம். கக்கூஸ் லைட்டாவது போடுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒங்கட ஊட்டுல அந்தக் கை வெச்ச கதிர ஈக்கிதானே... நோனாவுக்குக் குந்த ஒன்டுமில்ல."

தாரிகா கதிரையில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். ஈரத்துணியால் அதன் கைகளையும் முதுகையும் துடைத்தாள். பேர்னாட் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனான்.

மெலனி வெள்ளைச் சாறியில் வந்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். குழந்தைகளைத் தூக்கினாள். கதிரையில் அமர்ந்து, பெண்கள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள். வெயில் ஏறியது. யாரோ பேர்னாட்டின் கையில் ஒரு குடையைக் கொடுத்தார்கள். அவன் அவளுக்குப் பின்னால் நின்று பிடித்தான்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தாரிகாவை மெலனி பார்த்தாள். "அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லல்லயே. நீங்க எந்த வீடு?"

பலீலா தலையைக் குனிந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"இந்தா, இந்த வீடு" என்றாள் தாரிகா.

"எங்களுக்குத்தானே போட்டீங்க?"

"ஓம்."

மெலனி எழுந்து வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். போனில் படம் எடுத்த பையன் கையை அசைத்தான்.

"அண்ணே, கொடையக் கொஞ்சம் கிட்டப் பிடிங்க. நோனாட மூஞ்சில வெயில் அடிக்குது."

பேர்னாட் ஒரு அடி முன்னால் வந்து, குடையைச் சாய்த்துப் பிடித்தான்.

போன தேர்தலில் உங்கள் வட்டாரத்திலும் பட்டியலை நிரப்ப ஒரு பெண்ணிடம் பெயர் கேட்டிருப்பார்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.