ஆறாம் மாடித் தரை

வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, சீப்பு வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த மனிதர் ஒரு சாண் நீள ரசமட்டத்தைச் செருகிக்கொண்டு திரிவார். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால் முதலில் மேஜை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார். பிழைக்க வந்த நாட்டில் இருபத்திரண்டு வருஷமாக டைல்ஸ் போடுகிற வேலை. முழங்கால் இரண்டும் காய்த்துப்போனதுதான் கண்ட பலன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படிப்பட்டவர் தரையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஒரு வீட்டை வாங்கினார் என்றால் யாரைப் போய் நோவது?

வாங்கியதும் எந்தக் கட்டடத்தில்? அவரே டைல்ஸ் போட்ட கட்டடத்தில். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பன்னிரண்டு மாடி எழும்பியபோது நாலாவது மாடியிலிருந்து எட்டாவது மாடிவரை இவருடைய குழுதான் தரை போட்டது. ஆறாம் மாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் சொன்னதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவசரத்துக்குக் காரணம் அவர் மனைவி. அந்த அம்மாளுக்குக் கண் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. மூன்று வருஷத்தில் முழுக்கப் போய்விடும், மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாத்திக்கிட்டு இருந்தா என்னால ஆகாது. ஒரே வீடா இருக்கணும். கண்ணு தெரியுறப்பவே அதை நான் பழகிக்கணும். அப்புறம் யார் கையும் பிடிக்காம நானா நடந்துக்குவேன். என்னை யாரும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற நெலமை மட்டும் வரக்கூடாது."

"வராதும்மா," என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனையும்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று அவர் செய்த வேலையை அவள் தம்பி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். மனிதர் ஜன்னலைப் பார்க்கவில்லை, தண்ணீர்க் குழாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, ஹால் முழுக்க மண்டியிட்டபடியே நகர்ந்து, ஒவ்வொரு டைலாகத் தட்டினார். எல்லாம் கெட்டியாக, ஒரே சத்தமாகக் கேட்டது. அடியில் பொள்ளலாக இருந்தால் சத்தம் தொளதொளவென்று வரும் என்பது அந்தத் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பார்த்தியா? பதினாலு வருஷமாச்சு, ஒரு டைலு அசையல," என்று மைத்துனனைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"அத்தான், தரையெல்லாம் சரி. இந்தக் கட்டடத்து விதிப் புத்தகத்தைக் கொஞ்சம் படிச்சிடுவோம். எண்பத்திநாலு பக்கம் இருக்கு. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டுறேனே," என்றான் அவன்.

"நான் கட்டின கட்டடத்துக்கு எனக்கே விதி சொல்லிக் கொடுக்கிறியா? போடா, போக்கத்தவனே."

தரகரும் ஒத்து ஊதினார். "வழக்கமான பேப்பர்தான் சார். எல்லாரும் கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க." 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்திருந்த இடத்தின் கீழே இவரும் போட்டார், அழகாக, கோடு சாயாமல்.

குடி வந்த முதல் மாதமே விடுமுறை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். படுக்கையறைக் கட்டிலிலிருந்து குளியலறைவரை, அங்கிருந்து சமையலறை அடுப்புவரை, அடுப்பிலிருந்து வாசல் கதவுவரை ஒரு முழ அகலத்துக்குப் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு வேறு டைல்ஸ் பதிப்பது அவர் திட்டம். குளியலறை வழிக்குச் சொரசொரப்புக் கல், அடுப்பு வழிக்குக் கோடு கோடாக வரி விழுந்த கல், வாசலுக்குப் போகிற வழிக்குச் சின்னச் சின்னப் புள்ளி எழுந்த கல். வெறும் காலை வைத்தால் போதும், எங்கே போகிறோம் என்று கால் சொல்லிவிடும். சொல்லப்போனால் அவர் ஆயுசில் போட்ட தரைகளிலேயே சொந்த யோசனையில் போட்டது அது ஒன்றுதான்.

முதல் டைலைப் பெயர்த்ததுமே அவருக்குக் கை நின்றுவிட்டது. டைலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் ஷீட் இருக்க வேண்டும். மேலே நடக்கிற சத்தம் கீழ் வீட்டுக்கு இறங்காமல் தடுப்பது அதுதான். இங்கே வெறும் கான்கிரீட்தான் இருந்தது. அடுத்த டைல், அதற்கடுத்தது, எங்கேயும் ஷீட் இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஷீட் வந்து சேரவில்லை. "நாலுலேருந்து எட்டு வரைக்கும் அது இல்லாமலே போட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்," என்றார் அன்றைய ஃபோர்மேன். இவர்கள் போட்டுவிட்டார்கள். கூலிக்காரன் கேள்வி கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. அவ்வளவு கெட்டியாகச் சத்தம் வந்ததே, அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தினாரே, அது நல்ல வேலையின் சத்தம் இல்லை. ஷீட் இல்லாததின் சத்தம். ஷீட் இருந்திருந்தால் கொஞ்சம் அமுங்கித்தான் கேட்டிருக்கும். இருபத்திரண்டு வருஷத் தொழில்காரருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் சொந்த வேலையைச் சந்தேகப்பட மனம் வரவில்லையே!

இப்போதாவது அந்த வழிக்கு மட்டும் ஷீட் போட்டிருக்கலாம். போட்டால் அந்தப் பட்டை மற்ற தரையைவிடக் கால் விரல் தட்டுகிற அளவுக்கு உயர்ந்துவிடும். தடுக்கி விழுவதற்கா இத்தனை பாடு? மென்று விழுங்கிக்கொண்டு, ஷீட் இல்லாமலே பதித்து முடித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு வருஷம் நல்லபடியாகத்தான் போனது. அவள் பார்வை மங்க மங்க, நடை தெளிந்தது. கையில் ஒரு வெள்ளைக் கோல். காலுக்குக் கல், காதுக்குக் கோலின் சத்தம். டக், டக் என்று தட்டிக்கொண்டே போய்ப் பாலைப் பொங்கவிடாமல் இறக்கிவைப்பாள். தம்பி வந்து கையை நீட்டினால், "கையை எடுடா, என் வீட்டுல எனக்கு வழி காட்ட வந்துட்டான் பெரிய மனுஷன்," என்று விரட்டுவாள். அதைக் கேட்டு ரசமட்டம் செய்தித்தாளுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

மூன்றாம் வருஷம் ஐந்தாம் மாடிக்கு ஒரு பெண் குடி வந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். ராத்திரியெல்லாம் வேலை, பகலில்தான் தூக்கம். அவள் தலைக்கு மேலே காலையிலிருந்து சாயங்காலம்வரை டக், டக், டக். வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற கட்டடக் கமிட்டிக்குப் புகார் போனது, கமிட்டியிலிருந்து இவருக்குக் கடிதம் வந்தது. விதிப் புத்தகம் நாற்பத்தோராம் பக்கம்: எழுத்துமூலமாக அனுமதி வாங்காமல் தரையை மாற்றக்கூடாது, மாற்றினால் பெயர்த்தெடுத்துவிட்டு, வீடு முழுக்க ஷீட் போட்டு, அதன்மேல் கனத்த கம்பளம் ஒட்ட வேண்டும். இவரை வைத்தே எழுதினமாதிரி இருந்தது.

கோலின் நுனிக்கு ரப்பர் மாட்டிப் பார்த்தார்கள். சத்தம் போனதும் சுவர் எது, கதவு எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் நாளே நிலையில் மோதி நெற்றி புடைத்துவிட்டது. அவளே ரப்பரைப் பிடுங்கி எறிந்தாள்.

கமிட்டிக் கூட்டத்துக்கு மைத்துனனும் கூட வந்தான். "அத்தான், ஒரே ஒரு விஷயம். அக்கா நெலமையைச் சொல்லுங்க, கும்பிட்டுக் கேளுங்க. மத்தபடி வாயைத் திறக்காதீங்க," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

சொன்னபடியே கேட்டார். நீளமான மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். அவள் கண்ணைப் பற்றிச் சொன்னதும் ஓர் அம்மாள் உச்சுக் கொட்டினாள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாவம், ஒரு வருஷம் அவகாசம் தருவோம். அதுக்குள்ள ஏதாவது வழி பார்க்கலாம்," என்றார். நாலைந்து தலைகள் ஆடின. மைத்துனன் மேஜைக்கடியில் அவர் தொடையைத் தட்டினான், போதும் எழுந்திருங்கள் என்று.

செயலாளர் போகிறபோக்கில் கேட்டார்: "ஆமா, பழைய தரைக்கு அடியில ஷீட் இருந்திருக்குமே. அதையும் நீங்கதான் எடுத்துட்டீங்களா?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை போதும். எடுத்துவிட்டேன் என்றால்கூட ஓடியிருக்கும். ஆனால் ரசமட்டத்துக்கு உள்ளே ஏதோ சரிந்து நின்றது. அதோடு ஒரு நப்பாசையும் சேர்ந்துகொண்டது: குற்றம் கட்டடத்தின் மேல் என்று தெரிந்தால் என் பெண்டாட்டி கோலை ஏன் குறை சொல்லப்போகிறார்கள்? ஒரு வருஷம் என்ன, ஆயுசுக்கும் விட்டுவிடுவார்களே.

"ஷீட்டே கிடையாதுங்க," என்றார். "நாலாவது மாடிலேருந்து எட்டு வரைக்கும் எந்த வீட்டுலயும் கிடையாது. நான்தான் போட்டேன். எனக்குத் தெரியும்."

மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அந்த அறை மாறியதைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு வீடு நாலிலிருந்து எட்டுக்குள். விற்கப் போகிறவர் இருவர், வாடகைக்கு விட்டிருப்பவர் மூவர். ஐந்து மாடிக்கும் ஷீட் இல்லை என்று வெளியே தெரிந்தால் அந்த வீடுகளை யார் சீண்டுவார்கள்? கட்டிய கம்பெனியைக் கேட்கலாம் என்றால் அதை மூடிப் பல வருஷம் ஆகிறது. மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிமிர்த்தினாள். "இதை எழுதாதீங்க," என்றார் செயலாளர். உச்சுக் கொட்டிய அம்மாள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"தப்பைத் தானே பண்ணிட்டு இப்ப கட்டடத்து மேல பழி போடுறார் பாருங்க."

கை தூக்கச் சொன்னார்கள். பதினோரு கை. முப்பது நாளுக்குள் பெயர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கமிட்டியே ஆள் வைத்துப் பெயர்க்கும். அவர் சொன்ன உண்மை மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை.

கீழே இறங்கும்போது மைத்துனன் பொரிந்து தள்ளினான். "ஒரு வருஷம் கைக்கு வந்துச்சே அத்தான்! வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே!" லிஃப்ட் தரையில் ஒரு டைல் லேசாகத் தூக்கியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விஷயம் காதுக்கு எட்டி, கீழ் வீட்டுப் பெண் மறுநாள் மேலே வந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "யாரோ வேணும்னே தட்டுறாங்கன்னு நினைச்சேன். இப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள். நேரே செயலாளரிடம் போய்ப் புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள். தீர்மானம் போட்டது போட்டதுதான் என்று அவர் அனுப்பிவிட்டார். அவர்களுக்கு வேண்டியது இப்போது சத்தம் நிற்பதல்ல, அந்தத் தரை மறைவது.

இருபத்தொன்பதாம் நாள் அவர் சுத்தியலை எடுத்தார். வேறொருவன் கை படக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். தம்பி வீட்டுக்குப் போய் இரு என்றால் அவள் கேட்கவில்லை. நாற்காலியைப் போட்டு ஹால் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப எதை உடைக்கிறீங்க?"

"அடுப்பு வழி."

"வரிக்கல்லு," என்றாள் அவள், யாரோ தெரிந்தவர் பெயரைச் சொல்வதுபோல. "அந்தக் கூட்டத்துல நீங்க சும்மா இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"ம்."

திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது அவருக்கு. கல் சில்லுகளை வாரிச் சாக்கில் போட்டார். அன்றைக்குப் போடாமல் விட்ட ஷீட்டைப் பதினேழு வருஷம் கழித்து, கறுப்புக் கறுப்பாக, ஒரு மூலை விடாமல் தானே விரித்தார். அதன்மேல் கம்பளம் வந்து ஒட்டியது. கமிட்டி ஆள் வந்து பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். இந்தத் தடவை அவர் எல்லா வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டார்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல எழுந்து, கோலை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். கோலைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. காலால் துழாவினாள். இந்தப் பக்கமும் அதே மெத்து, அந்தப் பக்கமும் அதே மெத்து. நாலடி நடந்தாள், ஒரு பக்கம் திரும்பினாள், மறுபடி திரும்பினாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க," என்றாள். "நான் எங்க நிக்கிறேன்?"

"ஹால்லதாம்மா."

"ஹால்ல எங்க?"

இரண்டடி முன்னால் வந்தால் சுவர், வலது பக்கம் அடுப்பு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? அவருக்கு வாய் வரவில்லை.

அவள் காத்துப் பார்த்தாள். பிறகு கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவர் குரல் வந்த பக்கமாக நீட்டினாள்.