இரண்டு விரல் இடைவெளி

"விரல் சூப்புவாளா?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

"சேச்சே. கைக்குழந்தையா இருந்தப்பவே அந்தப் பழக்கம் கிடையாது டாக்டர்," என்றாள் அம்மா. "இது இவ அத்தை பல்லு. என் நாத்தனார் சிரிச்சாங்கன்னா உதட்டை மூட தனியா நேரம் ஒதுக்கணும். அப்படியே பார்சல் கட்டி அனுப்பிட்டாங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்திருந்த மகள் மட்டும், மூடச் சொல்லாததால், வாயைத் திறந்தபடியே கிடந்தாள். மேல்வரிசைப் பற்கள் பாதி இழுத்துவிட்ட மேசை இழுப்பறை மாதிரி முன்னால் வந்திருந்தன. கீழ்வரிசை உள்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில், பல்லைக் கடிக்கச் சொன்னாலும் மூடாத ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குக் காரணம் கணவன் வீட்டு ரத்தம்தான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சாயங்காலம் அதை வைத்துக் கணவனை எப்படிச் சீண்டலாம் என்றுகூட வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

"அத்தையைத் திட்டறது இருக்கட்டும். கண்ணா, கையைக் காட்டு."

பள்ளியிலிருந்து நேராக வந்த கை. மெழுகு வண்ணமும் அழுக்கும் அப்பியிருந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் சுத்தமாக, வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறியதைப்போல் சுருங்கியிருந்தன. அவற்றின் மேற்புறத்தில் பல் பதிந்து பதிந்து வந்த காய்ப்பு. மருத்துவர் அந்த இரண்டு விரல்களையும் மெதுவாக வாய்க்கருகே கொண்டுபோனார். விரல்கள் தாமாகவே உள்ளே போய் ஓட்டையில் உட்கார்ந்தன. மயிரிழை இடம்கூட மிஞ்சவில்லை.

அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து அந்த விரல்களைக் குனிந்து பார்த்தாள். தினமும் தலைவாரிவிடும் பிள்ளை. இந்தக் கையை எத்தனை முறை பிடித்துச் சாலையைக் கடந்திருக்கிறாள்.

"பால் பல்லு இருக்கறப்ப பெருசா ஒண்ணும் ஆகாது. நிலைப்பல்லு முளைச்சப்புறமும் மணிக்கணக்கா விரல் உள்ள இருந்தா, இளசான எலும்பு, தள்ளின பக்கம் போயிடும்," என்ற மருத்துவர் சிறுமியிடம் குனிந்தார். "எப்ப சூப்புவ? தூங்கறப்பவா?"

"நான் தூங்கறப்ப இல்ல. அப்பா தூங்கறப்ப," என்றாள் அவள். "சூப்ப மாட்டேன். கடிச்சுப்பேன்."

"எதுக்கு?"

"சிரிப்பு வந்தா. இருமல் வந்தா. ஏதாவது பேசணும்னு இருந்தா." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணும் வரலன்னாலும் கடிச்சுப்பேன். வந்துடுச்சுன்னா?"

அப்பாவுக்கு ரொட்டி அடுமனையில் இரவு வேலை. ஒருமுறை தூக்கம் போதாமல் அடுப்பு வாயில் முழங்கையை வைத்துவிட்டார். தோல் உரிந்த அந்தக் கையோடு வந்து நின்ற காலையிலிருந்து, பகலில் வீடு மூச்சை அடக்கிக்கொள்ளப் பழகியது. நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினார்கள். அழைப்புமணியின் பேட்டரியைக் கழற்றினார்கள். தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடினார்கள். அம்மா கண்ணாடிக் கடை வேலையிலிருந்து திரும்பச் சாயங்காலம் ஆகும். அதுவரை மகள் தானே கதவைத் திறந்து வந்து, தானே சாப்பிட்டு, தானே வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பா அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தார். "எங்க பூனை இருக்கற இடமே தெரியாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அம்மா பூரித்துப்போய்ச் சொன்னாள்.

"யார்ம்மா சொல்லிக் குடுத்தா இதை?" அம்மாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பூனை அம்மாவின் வாயையே பார்த்தாள். மருத்துவரும் பார்த்தார். பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது, தன் இரண்டு விரல்களும் பற்களுக்கிடையில் இருப்பது. கட்டில் காலில் இடித்துக்கொண்டும் அவள் கத்தாமலிருந்த விடுமுறைப் பகல்கள், அழுகையை அடக்கிய பகல்கள் எல்லாம் அந்தக் கடியில் இருந்தன. எப்போது வைத்தோம் என்று தெரியவில்லை. எடுக்கவும் உடனே முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. வழக்கம்போல வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளக் குனிந்தாள் பூனை.

"கத்து," என்றாள் அம்மா.

"அப்பா தூங்கறாரும்மா," என்றது குழந்தையின் கிசுகிசுப்பு.

"எழுந்துக்கட்டும். நான் பேசிக்கறேன். என்ன தோணுதோ கத்துடி, தங்கம்."

பூனையின் கை பாதி வழிவரை உயர்ந்தது. அம்மா அதைப் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. தூக்கம் கலைந்த அப்பா, கன்னத்தில் தலையணை மடிப்போடு வந்து நிலைப்படியில் நின்றார். "என்னாச்சு?" என்றார்.

பூனை அவரைப் பார்த்தாள். கண்களை இறுக்கி மூடினாள். கழுத்து நரம்பு புடைக்க, வாயை முழுதாகத் திறந்தாள். உள்ளே, கோணல் பற்களுக்குப் பின்னால், ஈரமான சின்ன நாக்கு எழுந்து நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை.