பத்து மணிப் பூவின் வருகைப் பதிவேடு

எங்கள் நிர்வாக அதிகாரி சதாசிவத்துக்கு எதற்கெடுத்தாலும் ஒரு கோப்பு வேண்டும். 1998-இல், திருவிடந்தைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் அரசு அலுவலகத் தோட்டத்தில் பாத்திகளுக்கு ஓரச்செடி வைக்கக்கூட ஒரு கோப்பு திறந்தார். செடி அரை அடிக்கு மேல் வளரக்கூடாது, மீறினால் வெட்டப்படும் என்று முதல் பக்கத்திலேயே நிபந்தனை. தேர்வு செய்யும் வேலை எழுத்தரான என் தலையில் விழுந்தது.

எனக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? தோட்டக்காரர் எல்லப்பனைக் கேட்டேன். கோழிக்கொண்டை இடுப்பு உயரம் வந்துவிடும், துளசி உப்புக்காற்றில் கருகிவிடும், பத்து மணிப் பூ மட்டும்தான் தரையோடு படரும் என்றார். எல்லப்பன் பதினோரு வருஷமாகத் தினக்கூலி. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் கிடையாது. ஒரு தரமாவது ஏறிவிடவேண்டும் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நானும் மழுப்பிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்திரண்டு செடிகள் வைத்தோம். மேலதிகாரிகள் காலை ஒன்பது மணிக்குப் பார்வையிட வந்தார்கள். ஒரு பூகூடத் திறக்கவில்லை. ஒன்பது மணி அலுவலகத்தில் பத்து மணிக்கு மலர்வது ஏன் என்று சதாசிவம் செடிகளுக்கு மெமோ கொடுத்தார். அவரே பதினொரு மணிக்கு வருகிறவர்.

செடிகள் சார்பில் நான்தான் விளக்கம் எழுதினேன். தாமதத்துக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் வருகை பதியவேண்டும் என்றார். அதற்கென ஒரு தனிப் பதிவேடு வந்தது. தினமும் பத்து மணிக்கு எல்லப்பன் பாத்தியோரம் குந்தி ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல, நான் டிக் போடுவேன். மேகமூட்டமென்றால் தற்செயல் விடுப்பு. ஐப்பசி முழுக்க மருத்துவ விடுப்பு.

மறுவருஷம் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தற்காலிகப் பதிவேட்டில் இருநூற்று நாற்பது நாள் வருகை உள்ள அனைவரையும் நிரந்தரமாக்கப் பட்டியல் அனுப்பவேண்டுமாம். எங்களிடம் இருந்த ஒரே தற்காலிகப் பதிவேடு செடிகளுடையது. விதி விதிதான் என்று அதையே அனுப்பச் சொல்லிவிட்டார் சதாசிவம்.

அன்று மத்தியானம் எல்லப்பன் என் மேஜைக்கு வந்தார்.

"சார், நாப்பத்திரண்டுக்குக் கீழ ஒரு வரி காலியா கீது. என் பேர எழுதிடு சார்."

"அது செடிங்க பதிவேடு எல்லப்பா."

"தெரியும் சார். நானும் தெனம் அதுங்க பக்கத்துலதான குந்தினு கீறேன்."

இருநூற்று நாற்பது நாளுக்கும் டிக் போட்டேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே மோசடி அது.

நாற்பத்து மூன்று பேருக்கும் உத்தரவு வந்தது. சதாசிவம் தோட்டத்தில் நின்று சத்தமாக வாசித்தார். பழைய கோப்பிலிருந்து நிபந்தனையையும் யாரோ அப்படியே இறக்கிவைத்திருந்தார்கள்: நியமனம் பெறுவோர் உயரம் அரை அடிக்கு மிகாமல் இருக்கவேண்டும், மீறினால் வெட்டப்படுவர். வாசித்து முடித்து, ஐந்தரை அடி எல்லப்பனை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

எல்லப்பன் கொஞ்சம் யோசித்தார். பிறகு பாத்தியோரம் போய், கடைசிச் செடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். சதாசிவத்துக்குத் திருப்தி. உத்தரவைக் கொடுத்தார்.

"பேரு சரியா கீதா, பாத்துச் சொல்லு சார்" என்று என்னிடம் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார் எல்லப்பன். சரியாக இருக்கிறது என்றேன்.

சதாசிவம் உள்ளே போகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.